அரைமண்டி

முந்நூறு பேரைச் சலித்துப் பத்துப் பேரை எடுக்கும் அந்த நடனப் பள்ளியில், ஆண்டு விழாவுக்கு ஆண்டாளாக யார் ஆடுவது என்று டீச்சராலேயே முடிவு செய்ய முடியவில்லை. சாருலதாவையும் மேகலாவையும் எதிரெதிரே நிறுத்தி அரைமண்டியில் இருக்கச் சொன்னார். முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, முதுகு வளையாமல், பாதி உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும். முதலில் எழுபவளுக்குத் தோழி வேடம். அதற்குள் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் திரும்பவில்லை.

சாருலதாவின் தாடையிலிருந்து சொட்டிய வியர்வை சிவப்புத் தரையில் தேங்கியிருந்தது. வலது முழங்காலுக்குள் ஏதோ மெல்லக் கிழிந்ததை உணர்ந்தாள். ஆனாலும் மேகலாவின் தொடை நடுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதியில் ஐந்து வருடமாக இருவருக்கும் ஒரே அறை.

கூட்டிப் பெருக்க வந்த செல்லம்மாக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னுமா இப்படியே இருக்கீங்க? உங்ககூட ஆடுற பிரணவிதான் ஆண்டாளாம். அவங்கப்பா போன்ல பேசிட்டாரு. டெய்லர் அளவே எடுத்துட்டுப் போயாச்சு. டீச்சரும் கெளம்பிட்டாங்க."

இருவரும் அசையவில்லை. அக்கா அவர்கள் கால்களைச் சுற்றிக் கூட்டிவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனாள்.

"கேட்டுச்சா?" என்றாள் சாருலதா.

"ம்."

"அப்ப எழுந்திரு, மேகலா."

"நீ மொதல்ல எழுந்திருடி."

சாருலதாவின் முழங்காலில் வலி நின்று வெகுநேரமாகியிருந்தது. வலது கால் இருப்பதே தெரியவில்லை. அவள் இன்னும் ஓர் அங்குலம் கீழே இறங்கினாள். மேகலாவும் இறங்கினாள்.