முறத்தில் ஒரு பூ

தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதற்காக என் மனைவி மேகலை செம்பருத்திப் பூக்களை முறத்தில் பரப்பி ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். எல்லாம் காய்ந்த பிறகு காய்ச்சிக்கொள்கிறேன் என்றாள். அன்று சாயங்காலமே இறந்துபோனாள்.

நிழலில் இதழ்கள் சீக்கிரம் சருகாகிவிடும். அடிக்காம்புதான் ஈரத்தை விடாது. அதுவும் காய்ந்துவந்த நேரத்தில், தொட்டிச் செடியிலிருந்து ஒரு பூவைப் பறித்து நடுவில் வைத்தேன். அன்றிலிருந்து தினமும் ஒன்று வைக்கிறேன்.

"வடகமே ரெண்டு நாள்ல காஞ்சிடுது. உங்க பூ இன்னுமா காயல சார்? வெயில்ல தூக்கி வையுங்க" என்றாள் எதிர்வீட்டு ரெஜினா.

"நிழல்லதாம்மா காயணும். அவ சொல்லியிருக்கா."

இன்று செடியில் பூ இல்லை. முறத்தை அசைத்தபோது எல்லாப் பூக்களும் சலசலத்தன. சாப்பாடு கொண்டுவந்த ரெஜினாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அவள் வீட்டுச் செடியின் பூ ஒன்று இருந்தது. அதை முறத்தின் நடுவில் வைத்தாள்.

"இன்னும் காயல சார்" என்றாள்.