கலைக்கப்பட்ட படையணியின் விமானம்

குடியேறிய நாட்டில், புவாண்ட்-கிளேர் ஊரின் பழைய விமானக் கொட்டகை வாசலிலேயே பிலோமினா நின்றுவிடுகிறாள். உயரத்துச் சாளரங்களால் இறங்கும் பனிக்கால வெயில், மகள் ஜென்சியும் கூட்டாளிகளும் காட்சிக்கு வைக்கவெனத் திருத்திக்கொண்டிருக்கும் சுவீடன் போர்விமானத்தின் முக்கோண இறக்கையில் பளபளக்கிறது. மூலையில் யாரோ துளை போடும் இரைச்சல் எழுந்து ஓய்கிறது. மன்னாரில் குண்டுபோட வரும் பொம்மர் இரையும்போதெல்லாம் இதே மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்குள் பாய்ந்தவள் அவள். கை தன்பாட்டில் கழுத்துச் செபமாலையைப் பிடிக்கிறது.

"இது எத்தினை பேரைச் சாகடிச்சது, பிள்ளை?"

"ஒருத்தரையும் இல்லையம்மா." கிறீஸ் படிந்த கையைத் துடைத்தபடி ஜென்சி வருகிறாள். "காட்டு றோட்டுகளில இறங்கி ஏறி, கனகாலம் சுவீடன்காரற்ர வானத்தைக் காத்தது. சண்டையே வரேல்லை. பேந்து அந்தப் படையணியையே கலைச்சுப்போட்டினம்."

"சண்டை வராதெண்டு நம்பிக் கலைச்சவையோ?"

"ஓம்."

பிலோமினா மெல்லக் கிட்டப் போகிறாள். வாலில் ஜென்சி புதிதாகத் தீட்டிய படையணிச் சின்னம் இன்னும் ஈரமாக மின்னுகிறது. விமானத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். குளிர்ந்த தகரம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நிற்கிறாள்.

"ஒருக்கா மேல ஏறி இருந்து பாக்கட்டோ?"

ஜென்சி ஓடிப்போய் ஏணியைப் பிடிக்கிறாள். பிலோமினா கனத்த கோட்டைக் கழற்றிவிட்டு முதல் படியில் கால் வைக்கிறாள்.