யாரிடமும் சொல்லாதீர்கள்

அவள் கை தூக்கினாள்.

"சார், யார்கிட்டயும்னா?"

திரையில் பெரிய பூட்டுப் படம். அதன் கீழே பயிற்சியாளர் இப்போதுதான் வாசித்து முடித்த வரி: கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள். பெண்களுக்கான இலவசக் கணினி வகுப்பு. வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு வாசித்துக் காட்ட அவருக்கு ஒரு மைக் வேறு.

"யார்கிட்டயும்னா யார்கிட்டயும்தாம்மா."

"வீட்டுக்காரர்கிட்ட?"

அவர் சிரித்தார். "அவர் என்ன யாரோவா?"

கூடமே சிரித்தது. முன்வரிசைக் கோமதி மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

சற்று முன்புதான் அவர் ஒரு வித்தை காட்டியிருந்தார். ஒவ்வொருத்தியிடமும் புருஷன் பெயரைக் கேட்டார். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று சேர்த்தார். ஏறக்குறைய எல்லாருடைய கடவுச்சொல்லும் கிடைத்துவிட்டது. வெட்கப்பட வேண்டிய இடத்தில் கைதட்டினார்கள். கோமதி மட்டும் எழுந்து, "என்னுது அது இல்ல சார், என் மாமியார் பேரு" என்றாள்.

உரக்க. மைக் இல்லாமலே.

கை தூக்கியவளுடையதும் அந்த வகைதான். தயாளன்123.

அவள் வைத்ததல்ல. கல்யாணமான புதிதில் மின்னஞ்சலைத் தொடங்கிக் கொடுத்தவன் தயாளன். தன் போனிலும் அதைத் திறந்து வைத்துக்கொண்டான். உனக்கு இதெல்லாம் புரியாது, நான் பார்த்துச் சொல்றேன் என்றான்.

பார்த்தான். சொல்லவில்லை.

போன முறை ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனி, ஆய்வக வேலைக்கு அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. அந்த அழைப்பு அவள் கண்ணில் படவே இல்லை. காத்திருந்து சலித்து, போன் செய்தாள். "நீங்கதானே மேடம் வர முடியாதுன்னு மெயில் போட்டீங்க?" என்றது எதிர்முனை.

அனுப்பியவை பகுதியில் தேடினாள். இருந்தது. குடும்பச் சூழ்நிலை, விருப்பமில்லை, நன்றி. கீழே அவள் பெயர். அதில் ஓர் எழுத்தை விட்டிருந்தான்.

செய்ததை அழிக்கக்கூடத் தெரியவில்லை.

அவள் சண்டை போடவில்லை. சண்டை போடுவதற்கு எதிரில் இருப்பவனை ஓர் ஆளாக மதிக்க வேண்டும்.

மறுபடி விண்ணப்பித்தாள். பதில் இன்று வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவன் கண்ணில் முதலில் பட்டால், அவள் மறுபடி விருப்பமில்லாதவள் ஆகிவிடுவாள்.

"சரி, இப்ப எல்லாரும் அவங்கவங்க பாஸ்வேர்டை மாத்திப் பாருங்க," என்றார் பயிற்சியாளர். "சும்மா பழகத்தான். முடிச்சிட்டுப் பழசையே திரும்ப வச்சுக்கலாம்."

இந்த ஆளிடம் நீச்சல் பழகப் போனால், துண்டைக் காயவைத்துவிட்டு வீடு திரும்பலாம்.

மாற்றினாள்.

புதியதில் யார் பெயரும் இல்லை.

பக்கத்து இருக்கைக்காரி சன்னல் வழியே கீழே பார்த்தாள். தயாளன் மரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். தினமும் கொண்டுவந்து விட்டுக் காத்திருந்து கூட்டிப்போகிறவன்.

"குடுத்து வச்சவ நீ," என்றாள்.

இதற்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் தடதடத்தது. ஆளுக்கு முன்னால் குரல் வந்தது.

"சார்! சார்! இவ மெயில யாரோ திருடிட்டான் சார்!"

தயாளன். போனை உயர்த்திப் பிடித்தபடி வாசலில் நின்றான். முகம் வெளிறியிருந்தது. அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளே மாற்றியிருப்பாள் என்ற நினைப்பு அந்த மண்டைக்குள் நுழைய வழியே இல்லை. அவள் பெயரில் அவன் போட்ட அந்த மெயிலைவிட இது அதிகமாக எரிந்தது அவளுக்கு.

பயிற்சியாளருக்கு உயிர் வந்துவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் நிஜத் திருட்டு.

"பதறாதீங்க சார். எல்லாரும் பாருங்கம்மா, இப்படித்தான் நடக்கும். மெசேஜ் வந்திருக்கு பாருங்க, அதுல 'இல்லை'ன்னு அழுத்துங்க. திருடனை வெளிய தள்ளிடும். வேற பாஸ்வேர்டு போட உங்க போனுக்கே வழி குடுத்துடும்."

"ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளயோ திருடுது," என்றாள் கோமதி.

தயாளனின் கட்டைவிரல் எழுந்தது.

அவளும் எழுந்தாள். நாற்காலி தரையைக் கீறியது.

"குடுங்க. நான் அழுத்துறேன்."

"உனக்கு எது எங்க இருக்குன்னே தெரியாதுடி."

"என் மெயில்தானே. சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

கூடம் பார்த்துக்கொண்டிருந்தது. மனைவிக்குக் கற்றுக்கொடுக்கும் கணவனாக அத்தனை பேர் எதிரில் நிற்பது அவனுக்கும் பிடித்திருக்க வேண்டும். கொடுத்தான்.

உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டுள்ளது. மாற்றியது நீங்கள்தானா?

கேள்வியை மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள்.

கீழே இரண்டு கட்டங்கள்.

"இடது பக்கம்டி," என்றான் தயாளன், அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "இல்லைன்னு போட்டிருக்கு பாரு."

அவள் வலது பக்கம் அழுத்தினாள்.

போனை அவன் கையில் வைத்தாள். அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

மைக்கில் பயிற்சியாளரின் மூச்சு மட்டும் கேட்டது.

"கீழ இருங்க," என்றாள். "வகுப்பு இன்னும் முடியல."