பென்னலூர்க் கேசட்

படப்பை காயலான் கடையில் கிடைத்த பழைய கேசட்டை இணையத்தில் ஏற்றியதிலிருந்து ஜீவானந்தத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுருதியும் தாளமும் இல்லாமல் ஒருவன் அரை மணி நேரம் ஓலமிடுகிறான். 'கட்டறுந்த இசையின் உச்சம்' என்று எழுதினான். கேட்டுவிட்டு அழுததாக ஜெர்மனிக்காரன் ஒருவன் பதில் போட்டான். இன்னொரு கேசட் மட்டும் கிடைத்துவிட்டால் இசைத்தட்டே போட்டுவிடலாம்.

கேசட்டின் மேல் 'அண்ணாதுரை, பென்னலூர்' என்று எழுதியிருந்ததை வைத்து விசாரித்துக்கொண்டு, கையில் பொன்னாடையோடு பென்னலூருக்குப் போனான். வீட்டில் அண்ணாதுரையின் மனைவி செங்கமலம் மட்டும் இருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் மாமேதைம்மா."

"அவரு ஷிஃப்டுக்குப் போய்கீறாரு சார். இன்னா விசயம்?"

கைபேசியில் போட்டுக் காட்டினான். அவள் பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"நிறுத்து சார். இது பாட்டு இல்ல. அவருக்குப் புத்தி பேதலிச்சப்ப, எப்படிக் கத்துறாருன்னு டாக்டரு பதிஞ்சி எடுத்தாரச் சொன்னாரு. இப்ப மாத்திரை சாப்ட்டு நல்லா கீறாரு. கம்பெனில தெரிஞ்சா வேலை பூடும். அழிச்சிடு சார், புண்ணியமாப் போவும்."

ஜீவானந்தம் கைபேசியை அணைத்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அந்த டாக்டர் எங்கம்மா இருக்காரு?"

"ஏன் சார், உங்க வூட்லயும் யாருக்காச்சும்...?"

"இல்லம்மா. அவர்கிட்ட இந்த மாதிரி வேற கேசட் இருக்கும்ல?"