மறுத்து எழுதியவர்

“அந்தத் தாடிக்காரனா? அவன் உட்கார்ந்திருக்கிற ரூமுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்.”

“நீங்க போகலைன்னா அவருக்கென்ன நஷ்டம்? சட்டையை மாத்திட்டுக் கிளம்புங்க” என்றாள் மனைவி.

வரலாற்றுத் துறையில் முழுப் பேராசிரியர் ஆக இவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் ஓய்வு. இவரிடம் படித்தவனே இப்போது துறைத்தலைவர்; அவனுக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. தேர்வுக் குழுவில் தாடிக்காரரும் இருக்கிறார் என்று காலையில்தான் தெரிந்தது.

வாழ்நாளெல்லாம் இவர் கிளறியது ஒரே ஒரு சண்டையை. காலனி ஆட்சியின் படை மலையேறிப் போய் ஜெயித்த சண்டை. தளபதிக்குச் சிலை இருக்கிறது. அந்தப் படைக்கு மூட்டை சுமந்த கூலிகள் குளிரிலும் பட்டினியிலும் கொத்துக்கொத்தாகச் செத்ததையும், செத்தவர்களை ‘ஓடிப்போனவர்கள்’ என்று எழுதி அதிகாரிகள் மறைத்ததையும் கண்டுபிடித்தவர் இவர்தான்.

எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். ஒருவரும் சீந்தவில்லை, தாடிக்காரரைத் தவிர.

அவர் பெரிய பெயர் பெற்றவர். எல்லாக் கல்லூரிகளிலும் அவர் புத்தகம்தான் பாடம். எதை எழுதினாலும் இவரை ஒரு குத்துக் குத்தாமல் விடமாட்டார். ‘ஆதாரம் போதாது.’ ‘வெறும் மிகை.’ ‘ஏற்பதற்கில்லை.’

“கட்டிக்கிட்ட நான்கூட உங்களை இவ்வளவு நினைக்கிறதில்ல” என்று மனைவி கேலி செய்வாள். இவருக்கு வயிறு எரியும். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது. சண்டைக்கு வரவாவது ஒருத்தன் இருக்கிறானே.

நேர்காணலுக்குப் போனார். குழுத் தலைவர் வேதியியல்காரர். மேஜையில் இருந்த கட்டுரைகளைத் தொடவே இல்லை. கணினித் திரையை மட்டும் பார்த்தார். இவருடைய ஆராய்ச்சியை மற்றவர்கள் எத்தனை முறை எடுத்துக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அதில் இருந்தது. தேவையான அளவை மயிரிழையில் தாண்டிவிட்டது, பதவி உங்களுக்குத்தான், வாழ்த்துகள் என்றார். எந்தச் சண்டை, யார் செத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாடிக்காரர் வாயே திறக்கவில்லை.

வெளியே தண்ணீர்க் குழாய் பக்கத்தில் தாடிக்காரர் தனியாக நின்றிருந்தார். இவருக்குத் தாங்கவில்லை. நேரே போனார்.

“ஒண்ணே ஒண்ணு கேட்கணும் சார். நான் எழுதினதுல எது தப்பு?”

தாடிக்காரர் காகித டம்ளரைக் கீழே வைத்தார்.

“எதுவும் தப்பில்ல சார்.”

“அப்புறம் எதுக்கு இத்தனை வருஷமா என்னை…”

“முதல்ல பாராட்டித்தான் எழுதினேன். பத்திரிகை ஆசிரியர் இடமில்லைன்னு அந்த வரியை வெட்டிட்டார். மறுத்து எழுதினா வெட்ட மாட்டாங்க, விவாதம்னு விட்டுடுவாங்க. திட்டா பாராட்டான்னு கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? உங்க பேர் வந்தா ஒண்ணு கூட்டிக்கும். இவ்வளவு நல்ல வேலை செய்யற மனுஷனை யாருமே கண்டுக்கலையேன்னு மனசு கேட்கலை. எனக்கு வேற வழி தெரியலை.”

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதரா? இவரையா இத்தனை காலம் கரித்துக் கொட்டினோம்?

பிறகுதான் உறைத்தது.

“அப்போ… அந்தக் கூலிகள்?”

தாடிக்காரர் தரையைப் பார்த்தார்.

“எனக்கும் அதுதான் சார் உறுத்தல். நான் மறுத்ததைத்தான் பசங்க படிக்கிறாங்க. அவங்க ஓடிப்போனதாத்தான் பரீட்சையில எழுதறாங்க. மார்க்கும் வாங்கறாங்க.”

“செத்தவங்க சார் அவங்க” என்றார் இவர்.

“திருத்திடலாம் சார்” என்றார் தாடிக்காரர். “நீங்க சொன்னதுதான் சத்தியம், நான் வேணும்னேதான் மறுத்தேன்னு என் புத்தகத்தோட அடுத்த பதிப்பிலேயே எழுதிடறேன். என் பேர் கெட்டாப் பரவாயில்ல. என்ன, எண்ணிக்கைக்காகச் செஞ்ச ஏற்பாடுன்னு சொல்லி உங்க பதவியைத் திரும்ப எடுத்துக்குவாங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே உள்ள போய்த் தலைவர்கிட்டயும் சொல்லிடறேன்.”

இவர் தாடிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றுமுற்றும் ஒரு தரம் பார்த்தார்.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்” என்றார்.