நாலு மூலையிலும் வெடிப்பு

“‘நாலு மூலையிலும் வெடிப்பு வரவேணும்.’ இது ஒங்கட கையெழுத்துதானே தங்கச்சி?”

பத்மாதேவி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் சாஹுல் ஹமீது அவளுடைய வரைதல் கொப்பியை மேசையில் விரித்து, சரியாக அந்த வரியின் மேல் விரலை வைத்திருந்தார். வரிக்கு மேலே ஒரு வீட்டு கேட்டின் படம். சுற்றிவர அளவுகள், அம்புக்குறிகள், புள்ளிகள்.

எண்பத்தாறாம் ஆண்டு. அவளுடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கண்டியில் ஒரு பொலிஸ் நிலையக் கதிரையில் உட்கார்ந்து ‘வெடிப்பு’ என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தால் யாருக்குத்தான் வியர்க்காது?

“ஓம் சேர், என்ர எழுத்துத்தான். ஆனா அது அந்த வெடிப்பு இல்லை! நான் பத்திக் சாரி செய்யிற கடையில டிசைன் போடுறனான். துணியில பூசின மெழுகைக் கசக்கினா வெடிக்கும். அதுக்குள்ள சாயம் இறங்கி நரம்பு நரம்பாக் கோடு விழும். சத்தியமா மெழுகு வெடிப்பு சேர்!”

“அது கெடக்கட்டும்.” இன்ஸ்பெக்டர் ஒரு கொட்டாவியை விழுங்கினார். “இந்த கேட்ட எங்க பாத்து வரஞ்சீங்க?”

போச்சு. யாரோ பெரிய புள்ளியின் வீடாக்கும்! கட்டுகஸ்தோட்டையில் அந்த வீட்டுக்கு எதிரே குடையும் கையுமாக இரண்டு நாள் நின்று கம்பி கம்பியாக எண்ணியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். ஒருவேளை, சுவரோர மர வாங்கில் உட்கார்ந்து அவளையே முறைக்கும் அந்தப் பெரியவராக இருக்குமோ? அவருடைய சட்டைக் கையெல்லாம் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். வேறொரு நாளாக இருந்தால் அதையும் வரைந்திருப்பாள்.

பயம் முற்றியதும் அவளுக்கு வாய் திறந்துகொண்டது. கொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“கேட்டை மட்டுமில்லை சேர், கண்ணில பட்ட எல்லாத்தையும் வரையிறனான். இதைப் பாருங்கோ, அச்சுமுறுக்குச் சுடுற அச்சு. இது கலஹா பஸ்ஸில சீற்றுத் துணி. இது ரோட்டோரத் தண்ணிக் கான் மூடி. இது எங்கட முதலாளியின்ர மனிசி போட்டிருந்த தோடு, அவாவுக்கே தெரியாது!”

வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அதைக் கண்டதும் பத்மாதேவிக்குத் தெம்பு வந்துவிட்டது.

“அப்போ இதுல ஒங்கட சொந்தக் கற்பன எதுவும் இல்ல?”

“மருந்துக்கும் இல்லை சேர்!”

போன மாதம் நடந்த கண்காட்சியில், எல்லாம் தன் மண்டைக்குள்ளிருந்தே வருகிறது என்று மைக்கைப் பிடித்துச் சொன்னவள் அவள்தான். உயிர் பெரிதா, புகழ் பெரிதா?

“இந்த கேட்டும் அப்படியா?”

“ஒரு வளைவுகூட மாத்தேல்லை! அப்பிடியே தூக்கிச் சாரிக் கரையாப் போட்டனான். நம்பாட்டி எங்கட கடையில கேளுங்கோ. இந்த வருசம் கூடப் போனது அந்த கேட் சாரிதான். கொழும்புக் கடைக்காரர் போட்டி போட்டு வாங்கிக்கொண்டு போகினம்!”

வாங்கில் இருந்த பெரியவர் பெரிதாக ஒரு செருமல் செருமினார்.

“இதெல்லாத்தையும் எழுதித் தருவீங்களா?”

கேட்டு முடிப்பதற்குள் பேனை அவள் கையில் இருந்தது. அந்த கேட்டைப் பார்த்து அப்படியே வரைந்தேன், இதில் என் கற்பனை எள்ளளவும் இல்லை, இது சத்தியம் என்று முத்து முத்தாக எழுதினாள். கையெழுத்துக்குக் கீழே பழக்கதோஷத்தில் ஒரு பூவும் போட்டாள்.

அப்பாடா! தலை கழுத்தில் மிதப்பது போலிருந்தது. தரையில் பதித்திருந்த கறுப்பு வெள்ளை ஓடுகள் அப்போதுதான் கண்ணில் பட்டன. வெள்ளையை மஞ்சளாக்கி, ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி வைத்தால் முந்தானைக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கும்! கால் பெருவிரல் அதற்குள் ஓட்டின் மேல் கோடு இழுக்கத் தொடங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் கடதாசியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு வாங்கில் இருந்த பெரியவரின் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“ஸெய்னுலாப்தீன் நானா, இனி சாட்சி தேவல்ல, நீங்க செஞ்ச கேட் டிசைன களவெடுத்தத அவங்களே எழுதித் தந்துட்டாங்க!”