ஐந்தாவது தையல்

1927 சித்திரையில், மதுரையிலிருந்து வந்த காது டாக்டர் பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் காதுகளைப் பார்த்து எழுதிக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டதும், மலையம்மாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலோடு வெயிலாக நடந்தாள். குழந்தையின் காதில் இருப்பது வெறும் பிறவித் தழும்புதான் என்று புருஷன்கூடச் சொல்லிவிட்டான். அப்படியில்லை என்று அந்த டாக்டர் வாயால் கேட்டால் போதும் அவளுக்கு.

டாக்டரின் நோட்டில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று பிறவிக் குறைக்கு, மற்றது காயத்துக்கு. குழந்தையின் இடது காதை மடித்துப் பார்த்தார். கிழிந்து ஆறிய தழும்பும், அதன் குறுக்கே ஐந்து தையல் தடங்களும் தெரிந்தன.

"எப்பக் கிழிஞ்சது?"

"கிழியவே இல்லைய்யா. பெறக்கும்போதே இப்படித்தான்."

"தையல் போட்டிருக்கே. யார் போட்டது?"

"நீகதான் போட்டீக. இவளுக்கில்ல, மூத்தவளுக்கு. வளையம் முள்ளுல மாட்டிக் கிழிஞ்சிருச்சு. நாலு வருசமாச்சு. அந்த வருசமே காலராவுல போயிட்டா."

டாக்டர் பழைய பக்கங்களைப் புரட்டினார். வீரலட்சுமி, மூன்று வயது, இடது காது, ஐந்து தையல். கடைசித் தையலின்போது பிள்ளை தலையை உதறியதால் அது கோணலாக விழுந்தது என்றும் குறித்திருந்தார்.

குழந்தையின் காதில் ஐந்தாவது தடத்தைத் தொட்டார். கோணலாகத்தான் இருந்தது. குழந்தை தலையை உதறியது.

பேனா முனையில் மை காயும்வரை இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மறுபடி மையைத் தொட்டு, பழைய பக்கத்தில் வீரலட்சுமியின் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதினார்.

"என்ன எழுதுனீக?"

"காயம் நல்லா ஆறியிருக்குன்னு," என்றார் டாக்டர்.